இரண்டாவது வீடு

சென்னீர்குப்பத்தில் வசிப்போருக்கு இரண்டு பெரிய அயலார் உண்டு. ஒன்று, பூந்தமல்லியைத் தாண்டிச் சில மைல் தூரத்தில் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி. மற்றொன்று, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஏரியை யாவரும் அறிவர். மழைக் காலத்தில் அதன் நீர்மட்டம் எத்தனை அடி என்று விசாரிக்காத வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் தொழிற்பேட்டையில் சமீப காலத்தில் எழுந்திருக்கும், ஜன்னல் அதிகமில்லாத சில பெரிய கட்டடங்களைப் பற்றி நேயர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். அவற்றில் துணி நெய்வதில்லை, இரும்பு வார்ப்பதில்லை. அங்கே உற்பத்தியாகும் சரக்கு ஒன்றுமில்லை. காக்கப்படும் சரக்கு ஒன்று உண்டு. அது நம் எல்லோருடைய ஞாபகம்.

பாங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, பிள்ளைகள் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் ஆகிய யாவும் இன்று காகிதத்தில் இருப்பதைக் காட்டிலும் கணினிகளிலேயே மிகுதியாக இருக்கின்றன. கணினி என்றால் மேஜைமீது வைக்கும் ஒற்றை யந்திரம் அன்று. ஆயிரக்கணக்கான யந்திரங்களை அடுக்கடுக்காக நிறுத்தி, ஒன்றோடொன்று பிணைத்து, ஒரே யந்திரம்போல் வேலை வாங்குகிறார்கள். இதைக் கணினித் தொகுதி என்பர். அது குடியிருக்கும் கட்டடத்தைத் தரவு நிலையம் என்பர். 'மேகம்' என்று இதற்கு ஒரு செல்லப் பெயரும் வழங்குகிறது. அந்தப் பெயரினால் மயங்கிவிடக் கூடாது. மேகத்தில் எதுவும் இல்லை. எல்லாம் தரையில், ஏதோ ஒரு சர்வே நம்பரில், ஒரு கூரையின் கீழ்தான் இருக்கிறது. தரையில் இருக்கும் எதற்கும் வெள்ளமும் உண்டு, நெருப்பும் உண்டு, பூகம்பமும் உண்டு.

இத்தகைய கட்டடத்துக்கு மூன்று பொருள்கள் இடைவிடாது வேண்டும்: மின்சாரம், குளிர்ச்சி, வெளியுலகத்தோடு பேசுவதற்குக் கண்ணாடி இழைக் கம்பி. மூன்றில் ஒன்று நின்றாலும் வேலை நின்றுபோகும். 2012-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் 'சாண்டி' என்னும் புயல் நியூயார்க் நகரைத் தாக்கிற்று. அங்கே ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டரை உயரமான மாடியில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு எண்ணெய் ஏற்றும் பம்பு நிலவறையில் இருந்தது. நிலவறையில் வெள்ளம் புகுந்தது. ஊழியர்கள் வாளி வாளியாக டீசலைச் சுமந்து பதினேழு மாடி ஏறி யந்திரங்களை ஓட வைத்தார்கள். அவர்களுடைய உழைப்பைப் போற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரு தேசத்தின் கணக்குப் புத்தகம் ஒரு வாளி டீசலை நம்பி இருக்கலாகுமா?

நம் ஊருக்கு அந்தப் பாடம் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் தாங்கவில்லை. விமான நிலையம் சில தினங்கள் மூடிக் கிடந்தது. மின்சாரம் போயிற்று, அதன் பின்னே டெலிபோன்களும் ஊமையாயின. அந்தச் சமயத்தில், டிசம்பர் 2-ஆம் தேதி, 'தி ஹிந்து' பத்திரிகையின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. செய்திக்குப் பஞ்சமா? இல்லை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு வேலையாட்கள் போய்ச் சேர வழியில்லை. யந்திரம் பிழைத்திருந்தாலும் அதை அடையும் பாதை பிழைக்காவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் பீரோவில் இருந்த சான்றிதழ்களும் பத்திரங்களும் கூழாயின. அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்தவற்றுக்கு ஈடாக நகல்களை வழங்க ஏற்பாடு செய்தது. இதில் ஒரு விஷயம் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு உடனே புலப்படும். மதிப்பெண் பட்டியலை மறுபடி எழுதித் தர முடிந்தது எதனால்? மாணவன் வீட்டுக் காகிதம் போனாலும், வேறோர் இடத்தில், வேறொரு பதிவேட்டில், அதே எண்கள் இருந்தமையால்தான். அந்தப் பதிவேடும் அதே தெருவில் இருந்து நனைந்திருந்தால் முகாம் நடத்தி என்ன பிரயோஜனம்?

இது புதிய தத்துவம் அன்று. நம் பழந்தமிழ் நூல்கள் இன்று நம் கையில் இருப்பதற்கே இதுதான் காரணம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். ஓரிடத்தில் சிதைந்து கிடைத்த பகுதியை வேறோரிடத்துப் பிரதியைக் கொண்டு நிரப்பினார். இவ்வாறு பல பிரதிகளை ஒப்பு நோக்கியே 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடுகள் சிதறிக் கிடந்தமையே அவற்றைக் காத்தது. இதற்கு மாறானதையும் நாம் கண்டிருக்கிறோம். 1981-ஆம் வருஷம் மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கும் சமயத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதியுள்ள நூலை மறுபடி வாங்கி வைக்கலாம். அங்கே மட்டும் இருந்த ஏட்டை எந்தச் செல்வத்தைக் கொண்டு வாங்குவது?

ஆகவே முதல் விதி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்பது. சொல்வதற்கு எளிதான இந்த விதியைச் செல்வந்த தேசங்களும் மீறியிருக்கின்றன. 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்னும் கம்பெனியின் தரவு நிலையம் ஒன்று எரிந்து நாசமாயிற்று. அங்கே ஒரே வளாகத்தில் நான்கு நிலையங்கள் இருந்தன. பக்கத்து நிலையத்திலும் ஒரு பகுதி பாழாயிற்று. நகல் இருக்கிறது என்று நம்பியிருந்த வாடிக்கைக்காரர்களில் சிலருக்கு, அந்த நகலும் அதே வளாகத்தில் இருந்த விஷயம் தீ அணைந்த பிறகே தெரிய வந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கத் தரவு நிலையத்தில் பாட்டரிகளிலிருந்து மூண்ட தீ, 709 அரசாங்கச் சேவைகளை நிறுத்திற்று. அரசாங்க ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அடியோடு போயிற்று. அளவு மிகப் பெரிது என்பதனால் அதற்கு வெளியிடத்தில் நகல் வைத்திருக்கவில்லையாம்!

எவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் போதும்? மைல் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஒரே ஆற்றின் இரு கரைகள், ஒரே துணை மின்நிலையத்தின் இரு கிளைகள், ஒரே சாலையோரம் போகும் இரு கம்பிகள் ஆகியவை வரைபடத்தில் இரண்டாகத் தோன்றும். ஆபத்து வரும்போது ஒன்றாகிவிடும். பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் 'செபி' என்னும் வாரியம், முதல் நிலையமும் இரண்டாவது நிலையமும் வெவ்வேறு பூகம்ப மண்டலங்களில் இருப்பது நலம் என்றும், இயலாவிட்டால் 500 கிலோமீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தை தன் இரண்டாவது நிலையத்தைச் சென்னையில் அமைத்தது. இந்த ஜோடியில் ஒரு பொருத்தம் உண்டு. மும்பைக்குப் பெருமழை தென்மேற்குப் பருவத்தில். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்து அந்நகரை முடக்கிப் போட்டது. நமக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில். அவர்கள் குடை பிடிக்கும் மாதத்தில் நாம் வெயிலில் காய்கிறோம். நாம் ஏரியைப் பார்த்து அஞ்சும் மாதத்தில் அவர்கள் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கிறது. ஒரே மழை இரண்டு ஊரையும் மூழ்கடிக்காது.

ஆனால் தூரத்துக்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு செய்தி இங்கே வந்து, 'கிடைத்தது' என்ற பதில் அங்கே திரும்புவதற்கு வினாடியில் நூறில் ஒரு பங்காவது ஆகும். கண் இமைக்கும் நேரத்தினும் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்துக்குள் பங்குச் சந்தையில் ஆயிரக்கணக்கான கட்டளைகள் வந்து குவிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சென்னையின் பதிலுக்காகக் காத்திருந்தால் வியாபாரம் நடவாது. காத்திராமல் மேலே சென்றாலோ, மும்பை நிலையம் திடீரென்று அழியுமானால், கடைசி நிமிஷத்துப் பேரங்கள் சென்னை ஏட்டில் ஏறியிரா.

இந்தச் சங்கடத்துக்கு அவர்கள் கண்ட வழி, கிட்டத்தில் ஒரு நகல், எட்டத்தில் ஒரு நகல் என்பது. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையின் பக்கத்திலேயே மற்றொருவரை உட்கார வைத்து, அவர் எழுத எழுத இவரும் எழுதினால், ஓர் எழுத்தும் தவறாது. அதே கணக்கை அவ்வப்போது தபாலில் அண்ணன் ஊருக்கும் அனுப்பி வைத்தால், கடையோடு தெருவே எரிந்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். முதல் முறையில் இழப்பு இல்லை. ஆனால் ஆபத்து இருவரையும் சேர்த்து விழுங்கலாம். இரண்டாவது முறையில் ஆபத்து எட்டாது. ஆனால் கடைசித் தபாலுக்குப் பின் நடந்தது போய்விடும். எவ்வளவு இழக்கச் சம்மதம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஒரு துளியும் இழக்க மாட்டேன், ஒரு கணமும் காத்திருக்க மாட்டேன், எத்தனை தூரம் வேண்டுமானாலும் போவேன் என்று மூன்றையும் ஒருங்கே கேட்பவனுக்கு ஒளியின் வேகம் இடம் கொடாது.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. அன்று மும்பையில் வெள்ளமோ பூகம்பமோ ஒன்றும் இல்லை. சந்தையின் முதல் நிலையத்துக்கும் மும்பையிலேயே இருந்த அண்மை நிலையத்துக்கும் இடையே ஓடிய தொடர்புகள் தடுமாறின. வழியில் நடந்த தோண்டும் வேலையே காரணம் போலும் என்று சந்தை பின்னர்த் தெரிவித்தது. தொடர்பு அறுந்ததும், முதல் நிலையத்தின் சேமிப்பு யந்திரமே எதிர்பாராத விதமாகப் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. பேரங்களின் அபாயத்தை அளக்கும் பகுதி செயலற்றுப் போயிற்று. காலை 11-40க்கு வியாபாரத்தை நிறுத்தினார்கள். மாலை 3-45க்குத்தான் மறுபடி தொடங்க முடிந்தது. இவ்வளவு நேரமும் சென்னையில் இரண்டாவது நிலையம் இருந்தது. ஆனால் வேலையை இங்கே மாற்றவில்லை.

இந்த நிகழ்ச்சியை ஊன்றிப் பார்க்க வேண்டும். அண்மை நிலையம் ஏற்பட்டது பாதுகாப்புக்காக. ஆனால் அதனோடு பிணைத்த கயிறு அறுந்த அதிர்ச்சியே முதல் நிலையத்தைச் சாய்த்தது. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டும்போது, ஒன்று மற்றொன்றைத் தாங்குமா, இழுத்துக்கொண்டு மூழ்குமா என்று கேட்காமல் கட்டக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கட்டடம் கட்டி, யந்திரம் வாங்கி, கம்பி இழுத்து வைத்த பிறகும், 'புறப்படு' என்று சொல்வதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய் தயங்கினால் அத்தனை செலவும் வீண்.

தயக்கத்துக்கு நியாயமான காரணம் இல்லாமல் இல்லை. முதல் நிலையம் உண்மையிலேயே இறந்துவிட்டதா, அல்லது பேச்சு மட்டும் அறுந்ததா என்று தூரத்திலிருந்து எப்படி அறிவது? அது உயிரோடிருக்கும்போதே இரண்டாவது நிலையம் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், ஒரே கணக்கை இரண்டு கைகள் வெவ்வேறாக எழுதத் தொடங்கும். பிறகு எது மெய்க்கணக்கு?

நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு உபாக்கியானம் உண்டு. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஸ்ரீரங்கத்து உற்சவ மூர்த்தியை வெளியே எடுத்துச் சென்று ஊர் ஊராக வைத்துக் காத்தார்கள். 1371-இல் திரும்பக் கொண்டு வந்தபோது, கோயிலில் இடைக்காலத்தில் எழுந்தருளப் பண்ணிய வேறொரு மூர்த்தி இருந்தது. பழைய மூர்த்தி எது? அடையாளம் சொல்லக் கூடியவர் அநேகமாக ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை. கண் பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தைச் சுவைத்துத் தாம் முன்னாளில் அறிந்த மூர்த்தி இன்னது என்று சொல்ல, வழக்குத் தீர்ந்தது என்பது கோயில் மரபு. 'நம்பெருமாள்' என்ற திருநாமம் அவர் வாயிலிருந்து வந்தது என்றும் சொல்வர். இருவர் உரிமை கோரும்போது மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும் என்பதே இதன் சாரம்.

கணினி வல்லுநர்கள் அந்தச் சாட்சியை முன்கூட்டியே நியமித்து விடுகிறார்கள். நிலையங்களை இரண்டாக வைக்காமல் மூன்றாக அல்லது ஐந்தாக வைத்து, பெரும்பான்மை சம்மதித்ததே தீர்மானம் என்று விதிக்கிறார்கள். நம் ஐவர் பஞ்சாயத்தில் மூவர் சேர்ந்தால் கோரம் என்று வைத்துக்கொள்வோம். எந்த மூவரை ஒரு பக்கம் கூட்டினாலும், வேறெந்த மூவரை மற்றொரு பக்கம் கூட்டினாலும், இரண்டிலும் பொதுவாக ஒருவர் இருந்தே தீர்வார். ஆகையால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தீர்மானங்கள் நிறைவேற வழியில்லை. இருவர் மட்டும் வெள்ளத்தால் பிரிக்கப்பட்டு ஒரு மேட்டில் நின்றால், அவர்கள் உயிரோடிருந்தும் வாய் திறக்கலாகாது. லெஸ்லி லாம்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இந்த முறையை 1998-இல் வெளியிட்டபோது, பழைய கிரேக்கத் தீவு ஒன்றின் சட்டசபையைப் பற்றிய கற்பனைக் கதையாகவே எழுதினார். யந்திரங்களுக்கும் சபை மரியாதை வேண்டியிருக்கிறது!

தூரமும் பெரும்பான்மையும் இருந்தாலும் தீராத ஆபத்து ஒன்று உண்டு. அது பிழை. ஏடு பெயர்த்து எழுதியவர் செய்த தவறு, அவர் ஏட்டைப் பார்த்து எழுதிய ஒவ்வொரு ஏட்டிலும் ஏறிவிடும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய ஒரு பழுதான கோப்பு, உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் கணினிகளை ஒரே நாளில் படுக்க வைத்தது. நம் தேசத்து விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கண்டங்கள் கடந்து சிதறியிருந்தும் பயன் என்ன? எல்லாம் ஒரே கட்டளைக்கு ஒரே கணத்தில் கீழ்ப்படிந்தன. எனவேதான் மாறுதல்களை ஓரிடத்தில் செய்து பார்த்து, பிறகே மற்றோரிடத்துக்கு விட வேண்டும் என்பதும், நேற்றைய கணக்கு, சென்ற வாரத்துக் கணக்கு என்று சில பழைய நகல்களை எந்தக் கம்பியோடும் பிணைக்காமல் தனியே பூட்டி வைக்க வேண்டும் என்பதும் விதிகளாயின.

எல்லாவற்றுக்கும் மேலானது பழக்கம். ஆண்டு முழுவதும் திறக்காத புஸ்தகத்தைப் பரீட்சை மண்டபத்தில் திறக்கிற மாணவனை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். 2021-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் செபி புதிய உத்தரவு போட்டது: முக்கியமான பகுதி நின்றால் அரை மணிக்குள் ஆபத்து என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிஷத்துக்குள் இரண்டாவது நிலையத்திலிருந்து வேலை நடக்க வேண்டும். தயங்கும் வாய்க்கு இது ஒரு கடிகாரம். 2024-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி சனிக்கிழமை, விடுமுறை நாளாயிருந்தும் சந்தை விசேஷமாகத் திறந்தது. முதற்பகுதி வழக்கமான நிலையத்திலிருந்தும், பிற்பகுதி இரண்டாவது நிலையத்திலிருந்தும் நடந்தது. விளையாட்டுக்கு அல்ல, மெய்யான பணத்துக்கு மெய்யான பேரம். மே மாதம் 18-ஆம் தேதி மறுபடியும் அப்படியே செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாலு மணி நேரம் நின்ற வியாபாரம், இப்போது ஒரு சனிக்கிழமைக் காலையில் ஊர் மாறி நடந்தது.

'என்றோ வரும் ஆபத்துக்காக இரட்டைச் செலவா?' என்று கேட்பவர்கள் எந்த ஆபீஸிலும் உண்டு. அவர்கள் ஏதாவது ஓர் ஏரிக்கரைமீது நடந்து பார்க்க வேண்டும். ஏரி கட்டிய நம் முன்னோர் கலங்கல் இல்லாமல் கரை போடவில்லை. பல வருஷங்களில் கலங்கல் காய்ந்தே கிடக்கும், ஆடு மேயும். அதை வீண் செலவென்று எந்தக் குடியானவனும் சொன்னதில்லை. ஒரு வருஷத்து வெள்ளத்தில் அது கரையைக் காக்கும்; கரை ஊரைக் காக்கும். மத்திய சர்க்காரின் தேசியத் தகவலியல் மையம் டில்லி, புணே, ஹைதராபாத், புவனேசுவரம் முதலான நகரங்களில் தரவு நிலையங்களை அமைத்திருப்பது நல்ல காரியமே. ஆனால் பெரிய ஸ்தாபனங்களோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. கூட்டுறவுச் சங்கம், தனியார் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சீட்டுக் கம்பெனி என்று நம் வாழ்வு ஒப்புவிக்கப்பட்டிருக்கும் இடங்கள் அநேகம். அவற்றில் பல, நகலைப் பக்கத்து அறை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன.

நேயர்கள் அவ்விடங்களில் தயங்காமல் மூன்று கேள்விகள் கேட்கலாம். எங்கள் கணக்கின் இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கிறது? முதல் பிரதி அழிந்துவிட்டது என்று தீர்மானிக்க யாருக்கு அதிகாரம்? இரண்டாவது பிரதியைக் கொண்டு கடைசியாக என்றைக்கு ஒரு முழு நாள் வேலை செய்து பார்த்தீர்கள்? முதல் இரண்டுக்கு மானேஜர் சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதற்கு ஒரு தேதியைச் சொல்லும்படி கேளுங்கள்.

வீட்டுக்கும் இதே முறைதான். ஐப்பசி பிறப்பதற்கு முன், பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், வைத்தியக் குறிப்பு இவற்றின் நகலை எடுத்து, மழை வேறு மாதத்தில் பெய்யும் ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடம் ஒப்புவித்து வையுங்கள். அனுப்பியதோடு நின்றுவிடாமல், ஒரு நாள் அவருக்குக் கடிதம் எழுதியோ டெலிபோனில் பேசியோ, அந்தக் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் அதைத் தேடி எடுக்க எத்தனை நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.